வலி மாத்திரைக்குப் பூச்சு போட்டும் வயிறு ஏன் புண்ணாகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் தேய்மானம், ஆறு மாதமாக டைக்ளோஃபெனாக் மாத்திரை. "இது வயித்துல கரையாது, குடலுக்குப் போய்தான் கரையும், பயப்படாதீங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதே சீட்டில் காலையில் போட ஒரு கேஸ் மாத்திரையும் இருக்கிறது. வயிற்றில் கரையாத மாத்திரைக்குக் கேஸ் மாத்திரை எதற்கு, இத்தனை கம்பெனிகள் இருந்தும் வயிற்றைத் தொடாத ஒரு வலி மாத்திரையை ஏன் யாரும் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், அம்மாவுக்கு விழுங்கச் சிரமம் என்பதால் மாத்திரையை உடைத்துத் தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இருபது வருடத்துக்கும் மேலாக மாத்திரை வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். ஃபார்முலேஷன் என்போம். மருந்து மூலக்கூறு வேறு எங்கோ பிறந்து மூட்டையில் தூளாக வரும். அதை மனிதன் விழுங்கக்கூடிய, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் கரையக்கூடிய பொருளாக மாற்றுவது எங்கள் வேலை. நான் மருத்துவர் இல்லை. அம்மாவின் மருந்தை மாற்றலாமா, நிறுத்தலாமா என்பதை அவரைப் பரிசோதிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரைக்குள் எங்களால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வலி மாத்திரை வயிற்றைக் கெடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி நேரடியாகப் படுவது. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாமே பலவீனமான அமிலங்கள். இரைப்பையின் கடும் அமிலத்தில் இருக்கும்போது இவற்றுக்கு மின்னூட்டம் இருக்காது. மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு செல்லின் கொழுப்புச் சவ்வைச் சுலபமாகத் தாண்டிவிடும். செல்லுக்குள் பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறைந்தால் அமிலம் கடுமை) 7ஐ ஒட்டி இருப்பதால், உள்ளே போனதும் மின்னூட்டம் பெற்று வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சேர்ந்துகொள்ளும். எலிப்பொறிக் கதைதான். அப்படிச் சேர்ந்த மருந்து அந்தச் செல்லையே சிதைக்கிறது. 1938ல் டவுத்வெயிட், லின்டட் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆஸ்பிரின் கொடுத்த நோயாளிகளின் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, உட்சுவர் சிவந்து புண்பட்டிருப்பதைப் பதிவு செய்தார்கள்.

இரண்டாவது வழி ரத்தத்தின் வழியாக. இது 1971ல்தான் புரிந்தது. ஜான் வேன் என்ற ஆங்கிலேயர், ஆஸ்பிரின் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். 1982ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியும் வீக்கமும் ஏற்படுத்துவது புரோஸ்டாகிளாண்டின். இரைப்பைச் சுவரில் சளியைச் சுரக்க வைப்பதும், அமிலத்தை மட்டுப்படுத்தும் பைகார்பனேட்டைச் சுரக்க வைப்பதும், அந்தச் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். முழங்காலில் அதை நிறுத்தும் மருந்து ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது, இரைப்பைக்கும் போகிறது. காவல் குறைந்த சுவரை இரைப்பையின் சொந்த அமிலமே அரிக்கிறது. போதாக்குறைக்கு, இவற்றில் பல மருந்துகள் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதையும் குறைப்பதால், வந்த புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் சீக்கிரம் நிற்பதில்லை.

இந்த இரண்டாவது வழி உண்மை என்பதற்கு எளிய சாட்சி: இதே மருந்துகளை ஊசியாகப் போட்டாலும், ஆசனவாயில் வைக்கும் மாத்திரையாகக் கொடுத்தாலும் இரைப்பையில் புண் வருகிறது. வாய்வழியே ஒரு துளி போகவில்லை, ஆனாலும் வருகிறது. எங்கள் துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பூச்சு, அமிலத்தைத் தணிக்கும் பஃபர், மெதுவாகக் கரையும் வடிவம் என்று நாம் ஆடும் ஆட்டமெல்லாம் முதல் வழியோடு மட்டும்தான்.

ஆஸ்பிரின் பிறந்ததே வயிற்றுக்கு இதமான வலி மருந்து என்ற பெயரில்தான் என்பது வேடிக்கை. அதற்கு முன்பு மூட்டுவாதத்துக்குச் சோடியம் சாலிசிலேட் கொடுத்தார்கள். குமட்டலும் எரிச்சலும் தாங்காது. 1897ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அந்தச் சாலிசிலிக் அமிலத்தோடு ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்துச் சுத்தமாகத் தயாரித்தார். தன் தகப்பனாரின் வயிற்றுக்காகச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையையும், அந்தப் பெருமை முழுக்க அவருக்குத்தானா என்பதையும் பற்றிச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இதமாகத்தான் இருந்தது, எரிச்சலைப் பொறுத்தவரை. ரத்தக்கசிவைப் பொறுத்தவரை இல்லை. எரிச்சல் வேறு, புண் வேறு. வயிறு எரிகிறது என்பவருக்கு உள்ளே பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒன்றுமே தெரியவில்லை என்றவர் ஒருநாள் தார் மாதிரி கறுப்பாக மலம் போய் மயங்கி விழுவார். நாங்கள் மாத்திரையைச் செப்பனிட்டு முதலாமவரைச் சமாதானப்படுத்திவிடலாம். ஆபத்தில் இருப்பவர் இரண்டாமவர்.

இப்போது உங்கள் கடைக்காரர் சொன்ன பூச்சுக்கு வருவோம். அவர் சொன்னது பொய்யில்லை. என்டெரிக் கோட்டிங் என்போம். அமிலத்தில் கரையாமல், அமிலம் குறைந்த குடலில் கரையும் பாலிமரை மாத்திரையின் மேல் படலமாகப் பூசுவது. பிஎச் 5.5க்கு மேல் கரைவது, 6க்கு மேல் கரைவது, 7க்கு மேல் கரைவது என்று ரகம் ரகமாக உண்டு. டைக்ளோஃபெனாக் மாதிரி மருந்துக்குப் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்திலேயே கரையும் ரகம் போதும். சோதனையும் எளிது: 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம் ஆட்ட வேண்டும், வெடிப்போ உப்பலோ இருக்கக் கூடாது. பிறகு குடலைப் போல பிஎச் 6.8 உள்ள கரைசலில் போட்டால் கரைய வேண்டும்.

சொல்வதுதான் எளிது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்ச் அமிலத்தில் ஒரு மணி நேரத்திலேயே ஓரம் விட்டு உப்பியது. பூச்சின் எடை சரி, பாலிமர் சரி, உலர்த்திய சூடு சரி. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் தூளை அழுத்தி மாத்திரை அடிக்கும் அச்சின் விளிம்பு கூர்மையாக இருந்திருக்கிறது. பூச்சு போடும் சுழல் பாத்திரத்தில் மாத்திரைகள் உருளும்போது கூரான ஓரங்கள் ஒன்றோடொன்று உரசி, அங்கே மட்டும் படலம் தேய்ந்துவிட்டது. நடுவில் எவ்வளவு கனமாகப் பூசினாலும் மாத்திரையின் பாதுகாப்பு அதன் மெல்லிய இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு பூச்சு போடும் எந்த மாத்திரைக்கும் நான் முதலில் பார்ப்பது வளைவைத்தான், கெமிஸ்ட்ரியை அப்புறம்.

பூச்சு போட்ட முழு மாத்திரைக்கு இன்னொரு சிக்கல் சாப்பாடு. வயிற்றில் உணவு இருக்கும்போது இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் பெரிய துண்டுகளை வெளியே விடாது. அரைத்துக் கூழாக்கித்தான் அனுப்பும். பூச்சு போட்ட மாத்திரை அரைபடாது. ஆகவே உணவு முழுக்க இறங்கி, இரைப்பை தன்னைத் துடைத்துக்கொள்ளும் பெரிய அலை ஒன்று வரும்வரை உள்ளேயே கிடக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்ட மாத்திரை நாலைந்து மணி நேரம்கூட அப்படிக் கிடக்கலாம். "ராத்திரி சாப்பிட்டுப் போட்டேன், விடியக்காலைலதான் வலி விட்டது" என்று சொல்பவர்கள் மருந்தைக் குறை சொல்வார்கள். மருந்து அதுவரை வயிற்றை விட்டே கிளம்பியிருக்காது. இதனால்தான் ஒரே மாத்திரைக்குப் பதிலாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும் குருணைகளுக்குத் தனித்தனியாகப் பூச்சு போட்டு, கேப்சூலில் நிரப்பும் வழி வந்தது. குருணை உணவோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். செலவு அதிகம், என்னைக் கேட்டால் தகும்.

ஆனால் இத்தனை கைவேலைக்கும் பலன் என்ன? ஆஸ்பிரினை வைத்துச் சொல்கிறேன், அதில்தான் ஆராய்ச்சி அதிகம். சில நாட்கள் கொடுத்து இரைப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்த ஆய்வுகளில், பூச்சு போட்டதில் சிராய்ப்புகள் குறைவாகவே இருந்தன. முதல் வழி அடைபடுகிறது. ஆனால் 1996ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, ரத்தக்கசிவோடு மருத்துவமனைக்கு வந்தவர்களை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தது. குறைந்த அளவில் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு ஆபத்து, எடுக்காதவர்களைப் போல எத்தனை மடங்கு? சாதா மாத்திரைக்கு 2.6, பூச்சு போட்டதற்கு 2.7, பஃபர் சேர்த்ததற்கு 3.1. அதாவது வித்தியாசமே இல்லை. பூச்சு எரிச்சலைக் குறைக்கும், சிராய்ப்பைக் குறைக்கும். ரத்தக்கசிவைக் குறைக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. உங்கள் அம்மாவின் சீட்டில் கேஸ் மாத்திரை ஏன் இருக்கிறது என்பதற்குப் பதில் இதுதான்.

வயிற்றைக் காப்பாற்றப் போய்க் குடலைக் கெடுத்த கதையும் எங்கள் துறையில் உண்டு. இந்தோமெதசின் என்ற வலி மருந்தை ஓஸ்மோசின் என்ற பெயரில் 1982 இறுதியில் பிரிட்டனில் கொண்டு வந்தார்கள். வடிவமைப்பில் அது ஒரு அற்புதம். நீரை மட்டும் உள்ளே விடும் உறை, அதில் லேசரால் போட்ட ஒரு நுண்துளை, உள்ளே மருந்தோடு பொட்டாசியம் பைகார்பனேட். நீர் உள்ளே ஊற ஊற, கரைசல் அந்தத் துளை வழியே ஒரே சீராக மணிக்கணக்கில் வெளியே வரும். இரைப்பையில் ஒரேயடியாகக் கொட்டாது, ரத்தத்தில் மருந்தளவு ஏறி இறங்காது. பாடப் புத்தகத்தில் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். சில மாதங்களில் குடலில் துளை விழுந்து வந்தார்கள் நோயாளிகள், சிலர் இறந்தார்கள். 1983லேயே திரும்பப் பெறப்பட்டது. மாத்திரை குடலில் ஓரிடத்தில் ஒட்டி நின்றால், அந்த நுண்துளையிலிருந்து செறிவான கரைசல் ஒரே புள்ளியில் பாய்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பொட்டாசியம் உப்பும் தன் பங்கைச் செய்திருக்கலாம்.

அப்படியானால் இரண்டாவது வழியை எப்படி அடைப்பது? இழந்த புரோஸ்டாகிளாண்டினை வெளியிலிருந்து கொடுப்பது ஒரு யோசனை. மிசோபுரோஸ்டால் அப்படிப்பட்டது. நடுவில் பூச்சு போட்ட டைக்ளோஃபெனாக், அதைச் சுற்றி மிசோபுரோஸ்டால் என்று ஒரே மாத்திரையாகவே வந்தது. 1995ல் வெளியான, 8,843 முடக்குவாத நோயாளிகளை ஆறு மாதம் கவனித்த ஆய்வில், வலி மருந்தோடு மிசோபுரோஸ்டாலும் எடுத்தவர்களுக்குக் கடுமையான இரைப்பைச் சிக்கல்கள் 40 சதவீதம் குறைந்தன. ஆனால் வயிற்றுப்போக்கும் வயிற்றைப் பிசைவதுமாகப் பலர் விட்டுவிட்டார்கள். கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

அமிலத்தையே குறைத்துவிடுவது இன்னொரு யோசனை. பாண்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல், அதாவது நம் கேஸ் மாத்திரை. காவல் இல்லாத சுவர்தான், ஆனால் அரிக்க அமிலமும் இல்லை. இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே கேப்சூலில் போடுவது நம் நாட்டில் சகஜம். வடிவமைப்பவனுக்கு இது ஒரு நல்ல புதிர். இந்த பிரசோல்கள் அமிலத்தில் கெட்டுப்போகும், ஆகவே அவற்றுக்கும் பூச்சு வேண்டும். ஆனால் அவை வேலை செய்யத் தொடங்கி இரைப்பையில் அமிலம் குறைந்தால், அமிலத்தை நம்பிப் போட்ட வலி மருந்தின் பூச்சு இரைப்பையிலேயே இளகக்கூடும். 2010ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நாப்ராக்சன் என்ற வலி மருந்தும் இசோமிபிரசோலும் சேர்ந்த மாத்திரையில் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார்கள். பிரசோல் பூச்சில்லாமல் வெளிப்படலத்தில் முதலில் கரையும். கொஞ்சம் அமிலத்தில் வீணானாலும் நாளாக ஆக அமிலம் குறைந்து, வீணாவதும் குறையும். நாப்ராக்சன் பூச்சுக்குள் காத்திருக்கும்.

ஆனால் அமிலம் இல்லாத இடத்தில் கேஸ் மாத்திரையால் என்ன பயன்? சிறுகுடலின் பிற்பகுதியில் புண் வருவதற்குப் பித்தநீரும் பாக்டீரியாவும் காரணம், அமிலம் இல்லை. விழுங்கும் கேமரா வந்த பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. 2005ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு வாரம் மருந்து கொடுத்துச் சிறுகுடலைப் பார்த்தார்கள். நாப்ராக்சனோடு ஒமிபிரசோலும் எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்குக் கீறல்கள்; செலகோக்சிப் என்ற இன்னொரு வலி மருந்தை எடுத்தவர்களில் 16; வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 7. கேஸ் மாத்திரை குடல் பாக்டீரியாவை மாற்றி இதை இன்னும் மோசமாக்குகிறதா என்பது எலிகளில் தெளிவு. மனிதர்களில் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் காரணம் தெரியாமல் இறங்கிக்கொண்டே வந்தால் டாக்டரிடம் இதையும் நினைவுபடுத்துங்கள்.

செலகோக்சிப் வேறு ரகம். புரோஸ்டாகிளாண்டினைச் செய்யும் நொதி இரண்டு உண்டு. இரைப்பையைக் காப்பதில் பெரும்பங்கு காக்ஸ்-1, வீக்கத்தில் பெருகுவது காக்ஸ்-2. இரண்டாவதை மட்டும் தடுத்தால் என்ன என்று 1998, 1999ல் செலகோக்சிப்பும் ரோஃபெகோக்சிப்பும் வந்தன. இந்த ரகத்தைக் காக்சிப் என்போம். வயிறு நிஜமாகவே பிழைத்தது. இதயம் மாட்டிக்கொண்டது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து ரோஃபெகோக்சிப்பை 2004 செப்டம்பரில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். செலகோக்சிப் இன்றும் இருக்கிறது. மிதமான அளவில் அது நாப்ராக்சன், ஐபுப்ரோஃபெனைவிட இதயத்துக்கு மோசமில்லை என்று 2016ல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. பலர் கவனிக்காத விஷயம், டைக்ளோஃபெனாக்கே இதில் பாதிக் காக்சிப். 2013ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரைப்பையிலும் மேல் குடலிலும் வரும் சிக்கல்கள், வெறும் மாவு மாத்திரையோடு ஒப்பிட்டால், காக்சிப்புகளுக்கும் டைக்ளோஃபெனாக்குக்கும் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. உயர்ந்த அளவில் ஐபுப்ரோஃபெனுக்கும் நாப்ராக்சனுக்கும் ஏறத்தாழ நான்கு மடங்கு. இதய ஆபத்தில் டைக்ளோஃபெனாக் காக்சிப் பக்கமே நின்றது. கடையில் "இது வயித்துக்கு நல்லது" என்று எடுத்துத் தரும் அசெக்ளோஃபெனாக்கும் இதே குடும்பம்தான். மாட்டின் உடலில் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறுவதால், அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்று சாகும் பாறுக் கழுகுகளைக் காக்க நம் நாட்டில் 2006ல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தவர்கள் 2023ல் அதையும் தடை செய்தார்கள்.

வேறு முயற்சிகளும் நடந்தன. இரைப்பைச் சுவரின் மேல் இருக்கும் கொழுப்புப் படலத்தை ஆஸ்பிரின் குலைக்காதபடி சோயா லெசித்தினோடு சேர்த்துத் தரும் கேப்சூல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின்னணியில் இருந்த லிச்டன்பெர்கர் என்ற ஆராய்ச்சியாளரின் வேலை எனக்குப் பிடித்தமானது, ஆனாலும் அது முதல் வழிக்கான பூட்டுதான். நாப்ராக்சனோடு நைட்ரிக் ஆக்சைடு வெளியிடும் பகுதியை ஒட்டிய மருந்துக்கு 2010ல் அமெரிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியிடும் நாப்ராக்சன் வயிற்றை அருமையாகக் காப்பாற்றியது, கல்லீரல் நொதிகளை ஏற்றிவிட்டது. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் உப்புகிற பலூன் மாதிரி இருக்கிறதா? இருபது வருடமாக எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் கையில் இருப்பதில் நான் உண்மையாக மதிப்பது அளவைக் குறைப்பதைத்தான். மருந்துத் தூளை மிக நுண்ணியதாக அரைத்தால் வேகமாகக் கரையும். குறைந்த மில்லிகிராமிலேயே வலி அடங்கும். 2013ல் அமெரிக்காவில் 18, 35 மி.கி. டைக்ளோஃபெனாக் கேப்சூல்கள் இப்படித்தான் வந்தன. ரத்தத்தில் மொத்தமாகப் போகும் மருந்து குறைந்தால் இரண்டு வழியிலும் பாரம் குறையும். முழங்காலுக்கு மேலே தடவும் ஜெல்லும் அதே கணக்குதான், ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சிறு பங்கு. அம்மாவுக்கு வலி முழங்காலோடு நிற்கிறது என்றால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். முன்பு அல்சர் வந்திருக்கிறதா, இதயத்துக்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாத மருந்தோ ஸ்டீராய்டோ எடுக்கிறாரா, சிறுநீரகம் எப்படி என்பதையும் சொல்லுங்கள். முதுகு வலிக்கு வேறு டாக்டர் வேறு பெயரில் இதே மருந்தை எழுதியிருந்தால் அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள்.

இனி உடைக்கும் விஷயம். நிறுத்துங்கள். இவ்வளவு நேரம் நான் சொன்ன பூச்சு உடைத்த இடத்தில் இல்லை. இரைப்பைக்குள் அரை மாத்திரை நேராகக் கரைகிறது. கேஸ் மாத்திரையையும் சேர்த்து உடைத்துத் தருகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். அங்கே பூச்சு இருப்பது வயிற்றை மருந்திடமிருந்து காக்க அல்ல, மருந்தை வயிற்றிடமிருந்து காக்க. உடைத்தால் அது அமிலத்தில் பாழாகிவிடும். வலி மருந்து வயிற்றில் கரைகிறது, வயிற்றைக் காக்கும் மருந்து வேலை செய்வதில்லை. ஆறு மாதமாக அம்மாவுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டைக்ளோஃபெனாக் உண்டு. திறந்து குருணைகளை மெல்லாமல் விழுங்கக்கூடிய கேப்சூலாக வரும் கேஸ் மருந்தும் உண்டு. சீட்டை எடுத்துக்கொண்டு போய், விழுங்க முடியவில்லை என்ற ஒரு வரியை டாக்டரிடம் சொல்லுங்கள்.